ஆவடி, ராமாவரம், பூந்தமல்லி

1

ஜனநாயக நாடுகள் இரு துருவங்களாகப் பிளந்து வருகின்றன, நடுவில் நிற்க இடமில்லாமல் போய்விட்டது என்று இப்போது பலரும் எழுதுகிறார்கள். அமெரிக்க அரசியலைப் பற்றி வந்த புத்தகங்களைப் படித்துவிட்டு அதே கவலையை அப்படியே இங்கே இறக்குகிறவர்கள் நம் வட்டத்திலும் உண்டு. அந்த நோய்க்கு அங்கே எழுதித் தரப்படும் மருந்து, இரு தரப்பும் நடுவுக்கு வர வேண்டும், பொது உடன்பாடு காண வேண்டும் என்பது. தமிழ்நாட்டின் எழுபது வருஷ அரசியலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இந்த நோய்க்கணிப்பு நமக்குப் பொருந்தவில்லை என்று எனக்குப் படுகிறது. இங்கே உடன்பாட்டுக்கு ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. பெரிய கட்சிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பொருளாதாரத் திட்டத்தை, ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில் சொல்லிக்கொண்டு, ஒருவரையொருவர் பரம விரோதிகளாக நடத்தி வந்திருக்கின்றன. அந்த உடன்பாடுதான் இந்த விரோதத்தை வளர்த்தது என்பது என் கட்சி.

இதை மூன்று இடங்களை வைத்துச் சொல்லப் பார்க்கிறேன். ஆவடி, ராமாவரம், பூந்தமல்லி. மூன்றும் சென்னைக்கு மேற்கே, ஒன்றுக்கொன்று சில மைல் தூரத்தில் இருப்பவை. இடங்கள் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் அமைந்தது தற்செயல். அங்கே நடந்தவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

2

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. தலைவர் யு.என்.தேபர். சென்னை ராஜ்யத்தில் காமராஜ் முதலமைச்சராகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. அங்கேதான் சோஷலிஸ்டிக் பேட்டர்ன் என்ற சொற்றொடர் கட்சியின் லட்சியமாயிற்று. பாராளுமன்றம் அதற்கு ஒரு மாதம் முன்பே, 1954 டிசம்பரில், அதே சொல்லை ஏற்றுக்கொண்டிருந்தது. முக்கியமான உற்பத்தி சாதனங்கள் சமுதாயத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும், உற்பத்தி பெருக வேண்டும், செல்வம் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும் என்பது சாரம்.

சோஷலிஸம் என்று சொல்லவில்லை, சோஷலிஸ்டிக் என்றார்கள். அதோடு நிற்காமல் பேட்டர்ன் என்று இன்னொரு படி தள்ளி நின்றார்கள். தமிழில் இதற்குக் கிடைத்த சொல் 'மாதிரி'. சோஷலிச மாதிரி சமுதாயம். மொழிபெயர்த்தவர் யாரானாலும் மூலத்தைவிட உண்மையாகச் சொல்லிவிட்டார். தமிழில் மாதிரி என்றால் முன்னுதாரணம் என்றும் அர்த்தம், அசல் இல்லை, அது போல இருப்பது என்றும் அர்த்தம். வீடு மாதிரி இருக்கிறது என்றால் அது வீடு இல்லை. தீர்மானம் இந்த இரண்டு அர்த்தங்களுக்கும் இடையில்தான் வாழ்ந்தது.

சொல் காலியானது, அதனால் தீர்மானம் வெறும் பேச்சு என்று சொல்ல வரவில்லை. காரியங்கள் நடந்தன. இம்பீரியல் பாங்க் 1955 ஜூலையில் ஸ்டேட் பாங்க் ஆயிற்று. 1956இல் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் தேசியமயமாயிற்று. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் கனரகத் தொழிலுக்கு முதலிடம் தந்தது. ஆவடியிலேயே 1965இல் மத்திய சர்க்காரின் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பக்கத்து அம்பத்தூரில் அதே வருஷங்களில் சர்க்கார் நிலத்தைப் பிரித்து, ரோடு போட்டு, மின்சாரம் கொடுத்து ஒரு தொழிற்பேட்டையை உண்டாக்கிற்று. அங்கே பட்டறை வைத்தவர்கள் தனி முதலாளிகள். ஒரு பக்கம் முழு அரசுடைமை, ரயிலில் சில ஸ்டேஷன் தள்ளித் தனியார் லேத்துகள். 'மாதிரி' என்ற சொல் இரண்டையும் சங்கடமில்லாமல் தாங்கிக்கொண்டது. எதையும் விலக்காத ஒரு சொல்லோடு யாரும் சண்டை போட முடியாது. ஆவடி என்ற பெயரே டாங்கித் தொழிற்சாலையின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து உண்டானது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். டாங்கி வருவதற்குப் பத்து வருஷம் முன் காங்கிரஸ் கூடியபோதும் ஊர் ஆவடிதான். பெயர் முதலில் வரும், அர்த்தத்தைப் பின்னால் வருகிறவர்கள் போட்டு நிரப்பிக்கொள்வார்கள். தீர்மானத்துக்கும் இதுவே நேர்ந்தது.

தீர்மானத்தின் அரசியல் பலன் உடனே தெரிந்தது. அடுத்த மாதமே ஆந்திராவில் தேர்தல். ஆட்சியைப் பிடிக்கும் என்று பலர் எதிர்பார்த்த கம்யூனிஸ்ட் கட்சி, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைந்த ஓட்டு வாங்கியும் 196 இடங்களில் 15 மட்டுமே பெற்றது. எதிர்த்தவர்கள் ஒன்றாக நின்றது அதற்குப் பெரிய காரணம். ஆனால் கம்யூனிஸ்டுகள் சொல்ல வேண்டியதை ஆவடியில் காங்கிரஸே சொல்லி முடித்திருந்ததும் ஒரு காரணம். பிரஜா சோஷலிஸ்ட் கட்சியில், காங்கிரஸோடு ஒத்துழைக்கலாமா என்ற சர்ச்சை முற்றியது. அந்த வருஷம் முடிவதற்குள் லோகியா வெளியேறித் தனிக்கட்சி கண்டார். ஒத்துழைக்கலாம் என்ற அசோக் மேத்தா பிற்பாடு காங்கிரஸிலேயே சேர்ந்தார்.

எதிராளியின் வாயிலிருக்கும் சொல்லைப் பிடுங்கிவிட்டால் எதிராளி மறைந்துவிடுவான் என்று ஆளும் கட்சி நினைக்கிறது. அவன் மறைவதில்லை. வேறு சொல் தேடிப் போகிறான். சென்னை ராஜ்யத்தில் அந்த வேறு சொல் தயாராக இருந்தது.

3

பொருளாதாரத்தில் ஆவடியை நேராக எதிர்த்தவர் ஒருவர் உண்டு. ராஜாஜி. கூட்டுறவுப் பண்ணை பற்றிய நாகபுரித் தீர்மானத்துக்குப் பின் 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அவர் சொன்னது சரியா தப்பா என்பது வேறு விஷயம். அங்கே ஒரு நிஜமான எதிர்நிலை இருந்தது: அரசு எவ்வளவு தூரம் வரலாம், நிலம் யாருடையது, லைசென்ஸ் கொடுக்கும் கை யாருடையது என்ற கேள்விகள். இன்னொரு பக்கம், அதே கேள்விகளுக்கு நேர் எதிரான பதில் சொன்ன கம்யூனிஸ்டுகள். இந்த இரண்டு துருவங்களும் நேருக்கு நேர் நின்று மோதியிருந்தால் தமிழ்நாட்டு அரசியலின் சரித்திரம் வேறாக இருந்திருக்கும்.

மோதவில்லை. 1967 தேர்தலில் சுதந்திராக் கட்சியும் மார்க்ஸிஸ்ட் கட்சியும் தி.மு.க.வின் தலைமையில் ஒரே அணியில் நின்றன. தி.மு.க. 137, சுதந்திரா 20, மார்க்ஸிஸ்ட் 11. விருதுநகரில் காமராஜ் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். உணவுப் பஞ்சம், 1965இன் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் நடந்த துப்பாக்கிச் சூடுகள், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி என்று காரணங்கள் பல. என் கவனம் அணியின் அமைப்பில் இருக்கிறது. உடைமையைப் பற்றிப் பரஸ்பரம் எதிரான கொள்கை உடைய இருவர் அக்கம்பக்கத்தில் உட்கார முடிந்தது என்றால், உடைமை என்பது அரசியலின் கேள்வியாக இருப்பது நின்றுவிட்டது என்று பொருள்.

1971இல் இது இன்னும் அப்பட்டமாயிற்று. இந்திராவின் காங்கிரஸ், சட்டசபையில் ஒரு இடம்கூடக் கேட்காமல் தி.மு.க.வோடு சேர்ந்தது. எதிரணியில் ஸ்தாபன காங்கிரஸின் காமராஜும் சுதந்திராவின் ராஜாஜியும் கைகோத்தார்கள். ஆவடிக்கு விருந்தோம்பியவரும், ஆவடிப் பாதையை எதிர்ப்பதற்கென்றே கட்சி தொடங்கியவரும் ஒரே மேடையில். பாங்குகளை தேசியமயமாக்கிய இந்திராவின் பக்கம் தி.மு.க. நான் சம்பளம் வாங்கும் வங்கியும் 1969 ஜூலை 19இல் எடுக்கப்பட்ட 14இல் ஒன்று. ஆவடி வாக்கியத்தின் பேரப்பிள்ளை என்று அதைச் சொல்லலாம். தி.மு.க. 184 இடங்களைப் பெற்றது. கொள்கைப்படி யார் எந்தப் பக்கம் என்று கேட்பது அதற்குப் பிறகு அநாகரிகமாகவே ஆகிவிட்டது.

கொள்கை வெளியேறிய இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்பதற்கு ராமாவரத்தைப் பார்க்க வேண்டும். பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி போகும் ரோட்டில் இருக்கிறது எம்.ஜி.ஆரின் தோட்டம். 1967 ஜனவரி 12 அன்று அங்கே எம்.ஆர். ராதா அவரைக் கழுத்தில் சுட்டார். கட்டுப்போட்ட கழுத்தோடு, கைகூப்பி, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் எம்.ஜி.ஆர். சுவரொட்டியாக ஊரூராகப் போனார். பிரசாரத்துக்குப் போகாமலே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். அந்தச் சுவரொட்டியில் வாதம் எதுவும் இல்லை. அரிசி விலைகூட இல்லை. ஒரு உடம்பும் அதில் ஒரு காயமும் மட்டும். பார்க்கிறவன் அதோடு உடன்படவோ முரண்படவோ முடியாது. அன்பு வைக்கலாம், அல்லது வெறுக்கலாம். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளிவந்த தம் புத்தகத்தில் எம்.ஜி.ஆரின் பிம்பம் ஏழைகளை எப்படிப் பிடித்து வைத்தது என்று விரிவாகச் சொல்லியிருக்கிறார். நான் அதோடு சேர்ப்பது ஒன்றுதான். பிம்பம் வெற்றிடத்தில் வேலை செய்யவில்லை. அதற்கான இடத்தைப் பன்னிரண்டு வருஷம் முன்பே ஆவடி காலி செய்து கொடுத்திருந்தது.

4

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். கட்சிக் கணக்கைக் கேட்டார், வெளியேற்றப்பட்டார், அ.தி.மு.க. பிறந்தது. புதிய கட்சியின் கொள்கை என்ன என்று கேட்டபோது அண்ணாயிஸம் என்று பதில் வந்தது. காந்தியம், கம்யூனிஸம், முதலாளித்துவம் மூன்றிலும் உள்ள நல்லதைச் சேர்த்தது என்று விளக்கம். ஆவடியின் 'மாதிரி' முழு வளர்ச்சி பெற்றுவிட்டது. முன்பு ஒன்றைப் போல இருந்தது, இப்போது எல்லாவற்றையும் போல இருந்தது.

1967 முதல் 2021 வரை நடந்த ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் இந்த இரண்டு கட்சிகளில் ஒன்றுதான் ஆட்சிக்கு வந்தது. சபைக்குள் கைகலப்பு, வழக்கு, கைது, முந்தைய ஆட்சி கட்டியதைப் பிந்தைய ஆட்சி ஒதுக்குவது, தொண்டன் தலைவருக்காகத் தீக்குளிப்பது என்று விரோதத்துக்குக் குறைவில்லை. விரோதத்தின் பொருள் என்ன என்று தேடினால் கையில் அகப்படுவது வேறு. 2011 தேர்தலில் ஒரு கட்சி மிக்ஸி அல்லது கிரைண்டர் தருவதாகச் சொன்னது. மற்றது மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் என்றது. இலக்கணப்படி, ஒரு 'அல்லது'வுக்கும் ஒரு 'உம்'முக்கும் உள்ள வித்தியாசம். 2021இல் கூட்டுறவுச் சங்க நகைக்கடனில் ஆளும் கட்சி 6 சவரன் வரை தள்ளுபடி அறிவித்தது. எதிர்க்கட்சி 5 சவரன் என்றது. அந்தச் சில வாரங்களில் என் கவுண்டருக்கு வந்தவர்கள் பலர் "இந்த பாங்குக்கும் உண்டா சார்?" என்று கேட்டார்கள். எந்தக் கட்சியின் தள்ளுபடி என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

இதை ஏளனமாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெகுஜனவாதம் என்ற சொல்லை மேற்கத்திய எழுத்தாளர்கள் வசைச்சொல்லாகப் பயன்படுத்துகிறார்கள். இங்கே அது குழந்தைகளுக்குச் சோறு போட்டிருக்கிறது. காமராஜின் 1956 மதிய உணவு, எம்.ஜி.ஆரின் 1982 சத்துணவு, 2022இல் தொடங்கிய காலை உணவு மூன்றும் ஒரே கோட்டில் வருகின்றன. நரேந்திர சுப்ரமணியன் 1999இல் வெளியான ஆராய்ச்சி நூலில் இன்னும் ஒரு படி போகிறார்: திராவிட வெகுஜனவாதம் பல்வேறு ஜாதியினரையும் வகுப்பினரையும் ஸ்தாபனங்களுக்குள் கொண்டுவந்து, இன அரசியல் வன்முறையாக மாறாமல் காத்தது என்கிறார். 1963இல் தி.மு.க. திராவிட நாட்டுப் பிரிவினையைக் கைவிட்டதும், பிரிவினை கேட்ட கட்சி நான்கு வருஷத்தில் அரசியல் சட்டத்தின் கீழ் ஆட்சி ஏற்றதும் அவர் பக்கம் பேசுகின்றன. வெகுஜனவாதத்துக்குக் காதும் உண்டு. 1979இல் பிற்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு 9,000 ரூபாய் வருமான வரம்பு வைத்த எம்.ஜி.ஆர்., 1980 பாராளுமன்றத் தேர்தலில் 39இல் 2 இடம்தான் கிடைத்ததும் அதை எடுத்துவிட்டு, ஒதுக்கீட்டை 31 சதவீதத்திலிருந்து 50 ஆக்கினார்.

இதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பங்கிடுவதைப் பற்றிய உடன்பாடு எதைப் பேசாமல் விட்டது என்றும் கேட்க வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும் பின்னணி. 1973இல் உயர்நீதிமன்றம் நிலச்சுவான்தார்களை விடுவித்தது. படியரிசி தந்த ஆட்சியின் காலத்திலேயே இந்த அரைப்படி. கடையில் அரிசி என்ன விலை என்பதில் எல்லாக் கட்சிக்கும் ஒரே கருத்து. வயலில் நெல் யாருக்கு என்பதில் எந்தப் பெரிய கட்சியும் தன் தேர்தலைப் பணயம் வைக்கவில்லை. வைத்திருந்தால் அதுதான் அர்த்தமுள்ள துருவப்படுதலாக இருந்திருக்கும். வைக்காததால் அந்தக் கேள்வி சட்டசபைக்கு வெளியே போயிற்று. அதைக் கையில் எடுத்த இளைஞர்களில் ஒரு பகுதியினர் நக்ஸலைட்டுகளானார்கள். 1980இல் வட ஆற்காடு, தருமபுரி மாவட்டங்களில் போலீஸ் அவர்களுக்குப் பதில் சொன்னது. என்கவுண்டர் என்ற சொல் தமிழாயிற்று.

தீவிரவாதம் தீவிரமான கருத்து வேறுபாட்டின் உச்சம் என்று பொதுவாக நினைக்கிறோம். எனக்கு அது கருத்து வேறுபாட்டுக்கு இடம் மறுக்கப்பட்டதன் எச்சமாகத்தான் தெரிகிறது.

5

சொந்தமாக உஷ்ணம் இல்லாத அரசியல், உஷ்ணத்தை வெளியிலிருந்து வாங்கும். 1983 ஜூலைக்குப் பின் அது ஈழத்திலிருந்து வந்தது. கொழும்பில் தமிழர்கள் கொல்லப்பட்டதில் இங்குள்ளவன் துடித்தது நிஜம். அந்தத் துடிப்பில் சந்தேகப்பட எனக்கு உரிமையில்லை. கட்சிகள் அதை எப்படிப் பங்குபோட்டன என்பதுதான் விஷயம். எம்.ஜி.ஆர். விடுதலைப் புலிகளுக்குப் பணம் கொடுத்தார். கருணாநிதி டெலோவை ஆதரித்தார். மத்திய சர்க்கார் எல்லா இயக்கங்களுக்கும் பயிற்சி தந்தது. நம் இரு கட்சிப் போட்டி யாழ்ப்பாணத்து இயக்கங்களின் போட்டி மேல் ஒட்டிக்கொண்டது. அங்கே போட்டி துப்பாக்கியால் தீர்க்கப்பட்டது. 1990 ஜூன் 19 அன்று ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவையும் சகாக்களையும் கோடம்பாக்கத்தில் கொன்றார்கள். 1991 ஜனவரி 30 அன்று தி.மு.க. அரசு 356வது விதியின் கீழ் கலைக்கப்பட்டது.

1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி மீனம்பாக்கத்தில் இறங்கி, போரூர், பூந்தமல்லி வழியாக, நடுநடுவே நின்று பேசிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் போனார். அடுத்த மாதத் தேர்தலில் தி.மு.க. இரண்டு இடத்துக்குச் சுருங்கியது. மறுபடியும் ஒரு உடம்பும் ஒரு காயமும் தேர்தலை முடிவு செய்தன. 1967இல் பிழைத்த உடம்பு, 1991இல் சிதறிய உடம்பு.

வழக்கு நடந்தது பூந்தமல்லியில், அதற்கென அமைத்த தடா நீதிமன்றத்தில், மூடிய கதவுகளுக்குப் பின்னால். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கலாம் என்பது தடாவின் விசேஷம். அந்தச் சட்டம் 1995 மே மாதமே காலாவதியாகிவிட்டது. வழக்கு அதன் கீழேயே தொடர்ந்தது. 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு. 1999 மே மாதம் உச்சநீதிமன்றம் 4 பேரின் தூக்கை உறுதி செய்தது, 3 பேருக்கு ஆயுள், 19 பேரைப் போகச் சொன்னது. இது தடாவின் அர்த்தத்தில் பயங்கரவாதக் குற்றமே இல்லை என்றும் சொன்னது. வாக்குமூலங்கள் மட்டும் செல்லுபடியாயின. சட்டமும் ஒரு 'மாதிரி'யாகத்தான் இருந்தது: பொருந்தாது என்று தெரிந்த பின்னும் வேலை செய்தது.

பூந்தமல்லியின் கதை அதோடு முடியவில்லை. 2002 மார்ச்சில் பாராளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் பொடா நிறைவேறியது. ஆதரித்த கட்சிகளில் வைகோவின் ம.தி.மு.க.வும் ஒன்று. ஜூன் 29 அன்று திருமங்கலத்தில் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக ஜூலையில் வைகோ அதே பொடாவில் கைதானார். பத்தொன்பது மாதம் சிறை. அவரைக் கொண்டுவந்து நிறுத்தியது பூந்தமல்லி நீதிமன்றத்தில். அந்தச் சமயத்தில் பலர் இதை விதியின் விளையாட்டு என்றார்கள். விதிக்கு இதில் வேலை இல்லை. ஒரு சொல்லின் எல்லையை விவாதித்து நிர்ணயிக்காமல் ஓட்டுப்போட்டால் அது யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது. ஆவடியில் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் சொல். பூந்தமல்லியில் யாரையும் சேர்த்துக்கொள்ளும் சொல்.

2022இல் உச்சநீதிமன்றம் மே மாதம் பேரறிவாளனையும் நவம்பரில் மீதி ஆறு பேரையும் விடுவித்தது. தமிழ்நாட்டின் முதலமைச்சர் பேரறிவாளனைக் கட்டி அணைத்தார். கூட்டணியிலிருந்த காங்கிரஸ்காரர்கள் வாயில் வெள்ளைத் துணி கட்டிப் போராடினார்கள். கூட்டணி அப்படியே இருந்தது. முப்பத்தொரு வருஷ வழக்கைப் பற்றி இரு கட்சிகளும் ஒரே ஒரு நாளாவது முகத்துக்கு முகம் வாதிட்டிருக்கலாம். அணைப்பும் துணியும் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

6

ஆஸ்திரியாவில் இரண்டு பெரிய கட்சிகள் பல காலம் சேர்ந்தே ஆண்டன. பதவிகளைக்கூட விகிதம் போட்டுப் பிரித்துக்கொண்டன. 1999 தேர்தலில் ஹைடரின் தீவிர வலதுசாரிக் கட்சி 26.9 சதவீத ஓட்டோடு இரண்டாவதாக வந்தது. நடுவில் எல்லாரும் கூடிவிட்டால் எதிர்ப்புச் சொல்ல மிச்சமிருப்பவன் விளிம்பில் நிற்பவன்தான் என்று ஷந்தால் மூஃப் இதை வைத்து வாதிட்டிருக்கிறார். நம் அனுபவம் அதற்கு இன்னொரு வகை உதாரணம். இங்கே அந்த இடத்தில் முதலில் ஒரு முகம் வந்தது, பின்பு கடன் வாங்கிய ஒரு யுத்தம், கடைசியில் ஒரு தனி நீதிமன்றம்.

ஆகவே நடுவுக்கு வாருங்கள் என்ற உபதேசத்தை நான் ஏற்கவில்லை. நாம் ரொம்ப காலமாக நடுவில்தான் இருக்கிறோம். நிலம், ஜாதி, கூலி, ஒருவனை விசாரணையில்லாமல் எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பவை போன்றவற்றில் யார் யாரோடு எதற்காக முரண்படுகிறார்கள் என்று தெளிவாகச் சொல்லும் கட்சிகள் நமக்கு இல்லை. கட்சிகளை உண்டாக்குவது சிறுபத்திரிகையின் வேலையும் இல்லை. ஆனால் ஒரு சொல் மேடையில் ஏறும்போது, இது எதைச் சேர்க்கிறது, எதை விலக்குகிறது என்று கேட்பது விமர்சனத்தின் வேலை. கவிதையில் ஒரு தளர்ந்த வரியைப் பார்த்தால் பக்கம் பக்கமாக எழுதுகிற நாம், 1955இலிருந்து புழங்கிவரும் ஒரு 'மாதிரி'யை இன்னும் முறையாக வாசிக்கவில்லை.